தலைச்சுமைக்கு விலக்கு

அம்மாவின் கழுத்து வலியை முதலில் சுளுக்கு என்றுதான் நினைத்தோம். தலையணையை வெயிலில் காயப்போட்டோம். உலக்கையைப் பிடரியில் உருட்டினோம். வலி தோளில் இறங்கி, முழங்கையைக் கடந்து, வலது கட்டைவிரல் மரத்துப்போன பிறகே மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பட்டப்படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்த காலம் அது.

அங்கிருந்த இளம் பிசியோதெரபிஸ்ட் அம்மாவின் தலையை இரு கைகளாலும் ஏந்தி மெல்லத் திருப்பிப் பார்த்தார். கழுத்தெலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் இருப்பதையும், ஆண்டுக்கணக்கில் மேலிருந்து பாரம் அழுத்தியதில் ஒன்று பிதுங்கிக் கைக்குப் போகும் நரம்பை நெருக்குவதையும் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். வலி கழுத்தோடு நின்றால் அவ்வளவு பயமில்லை. விரல் மரத்துப் பிடி தளர்ந்தால் நரம்பு நலிகிறது என்று பொருள். தாடையைப் பின்னுக்கு இழுத்துப் பிடரியை நிமிர்த்துவது, நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தலை அசையாமல் எதிர்த்து நிற்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது என்று பயிற்சிகளைச் செய்து காட்டினார். வெந்நீர் ஒத்தடமும் மெல்லிய தலையணையும் போதும், மாத்திரை அதிகம் வேண்டாம் என்றார்.

"செஞ்சா குறையும்மா. ஆனா தலையில மட்டும் எதையும் தூக்கக் கூடாது. இந்த அறுப்புல தூக்கினீங்கன்னா கை உங்க கையா இருக்காது."

வெளியே வந்ததும் அம்மா சிரித்தாள். "நிமிந்து நில்லுன்னு சங்கத்துல இத்தன வருஷமா சொல்றாங்க. ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் சொல்றாங்க, பாப்பா."

ஆனால் ஒரு நாளும் விடாமல் செய்தாள். தாடையை இழுக்கும்போது தெருப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் பதிலுக்குக் கேலி செய்தாள். மார்கழியில் விரலுக்கு உணர்ச்சி திரும்பியது. ஒரு காலையில் முறத்தை மடியில் வைத்து, அரிசியிலிருந்த கல்லைக் கட்டைவிரலால் பொறுக்கி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் அறுவடை என்பது பிரிக்கக் கூடாத ஒரே வேலை. கணவனும் மனைவியும் இணையாக இறங்கி, அறுத்து, கட்டி, கட்டுகளைத் தலையில் சுமந்து களம் சேர்த்து, அடித்துத் தூற்றிய பிறகுதான் கூலி நெல் அளப்பார்கள். இதில் ஒரு பகுதியை மட்டும் செய்வதென்பது கிடையாது. பதில் ஆள் விடுவதும் கிடையாது. அறுப்பில் இறங்குகிற இணைகள் மிராசுதாரோடு போட்ட ஒப்பந்தத்திலேயே முடிவானவை. அம்மாவுக்குப் பதில் நான் போகிறேன் என்று சொன்னதற்கு அப்பா அதைத்தான் நினைவூட்டினார். வெளியாள் நுழையாமலிருக்க விவசாயத் தொழிலாளர் சங்கமே கேட்டு வாங்கிய நிபந்தனை அது. அதற்காக அடிதடி நடந்திருந்தது. கோட்டையில் ஆட்சி மாறும்போது வழக்குகள் உறங்கின. மறுபடி மாறும்போது விழித்துக்கொண்டன. அப்பா எங்கள் ஊர்க் கிளையின் செயலாளர். அவர் பேரிலும் ஒரு வழக்கு இருந்தது.

அம்மாவோடு அறுக்கும் பெண்கள் ஒரு வழி சொன்னார்கள். அவள் பங்குக் கட்டுகளைத் தாங்கள் சுமப்பது. அவள் அவர்களுக்காகக் கூடுதலாகக் கட்டுக் கட்டுவது. மிராசுதாரின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரரிடம் கேட்டபோது, எதற்கும் முகம் சுளிக்கும் அந்த மனிதர் உடனே சம்மதித்தார்.

"அதுக்கென்ன, தாராளமா செய்யுங்க. அறுக்குறவங்க அறுக்கட்டும், தூக்குறவங்க தூக்கட்டும். தூக்குறதுக்கு ஆள் பத்தலன்னா நானே வெளியிலேருந்து கொண்டாந்து விடுறேன்."

நான் மகிழ்ந்துபோய் வீட்டில் வந்து சொன்னேன். அப்பா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். வேலையை அறுப்பு, சுமை, அடிப்பு என்று தனித்தனியாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் லாரியில் ஆள் இறக்கத்தான் மிராசுதார் பல ஆண்டுகளாக முயன்றுகொண்டிருந்தார். அன்று மாலையே கிளைக் கூட்டம் கூடியது. விலக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் பேசினேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

அப்பா அம்மாவைப் பார்த்தே பேசினார். "இன்னைக்கு உனக்குன்னு பிரிச்சா, அடுத்த அறுப்புக்கு எல்லாருக்கும் பிரிச்சுடுவாங்க."

வரிசையில் அம்மாவுக்கு அடுத்து அறுக்கும் பெண் எழுந்தாள். "சங்கத்துக்குக் கழுத்து இல்லல்ல, அதான் அதுக்கு வலி தெரியல."

அம்மாதான் பேச்சை முடித்தாள். "விலக்கு வேணும்னு நான் கேட்டனா? என் கட்ட நானே தூக்குறேன். போய் வேலையப் பாருங்க."

அறுப்பு தொடங்கியதும் தலையில் வைக்கும் சும்மாட்டைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டாள். நீர் கோத்த வரப்பில், தாள் நுனிகள் முகத்தை மறைக்க அவள் களத்துக்கு நடப்பதை நான் வாய்க்கால் மதகிலிருந்து பார்த்தேன். பிடரி நிமிர்ந்திருந்தது, பயிற்சியில் கற்ற அதே நிமிர்வு. மாலைதோறும் ஒத்தடம் கொடுத்தேன். துணியின் சூடு கையில் தெரியவில்லை என்று அவள் சொன்ன பிறகும் கொடுத்தேன்.

மாசியில் அவளால் சோறு பிசைய முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் இரண்டு கைகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். வலது கையின் தசை இளைத்திருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார். பழைய நிலை வரும் என்று சொல்லவில்லை.

அடுத்த தையிலும் ஒப்பந்தம் உடையாமல் நின்றது. லாரி வரவில்லை. அம்மாவால் அரிவாள் பிடிக்க முடியாததால் அப்பாவுக்கு இணை இல்லை. அவரும் வயலில் இறங்கவில்லை. இரண்டு பக்கமும் நின்று யோசித்திருக்கிறேன். விலக்குக் கொடுத்திருந்தால் தெரு முழுவதும் வேலை இழந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கொடுக்காததால் ஒரு கை போனது, அதிலும் சந்தேகமில்லை. மூன்றாவது வழி ஒன்று இதுவரை எனக்குத் தென்படவில்லை.

அம்மா பயிற்சியை விடவில்லை. காலையில் சுவரோரம் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கி நெற்றியில் வைப்பாள். அழுத்துகிறாயா என்று கேட்டால், "அழுத்துறேன் பாப்பா" என்பாள். நெற்றிதான் அந்தக் கையை விழாமல் தாங்கிக்கொண்டிருக்கும்.