கை கோத்துக்கொண்டு பாரிஸ் பார்த்தவர்கள்

ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றபோது, ஒரு சனிக்கிழமை அவர்களுக்குப் பாரிஸைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்பாவும் அம்மாவும் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். சனிக்கிழமையில் கடையை விட்டு அசைய முடியாது. எனக்குப் பதினொரு வயது. பிரெஞ்சு தெரியும், மெத்ரோ ரயில் தெரியும், அது போதும் என்று முடிவுசெய்துவிட்டார்கள். இங்கேயே பிறந்தவள் என்ற எண்ணம் எனக்கு அப்போது தேவைக்கு மேலேயே இருந்தது.

வாசற்படி இறங்கும்போதே பெரியம்மா பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ரூ பிலிப்-து-ஜிராரில் எங்களைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய இருவர் நேற்றுக் கலியாணம் கட்டியவர்கள்போல விரல் கோத்துக்கொண்டு அந்த வீதியில் போனால் எப்படியிருக்கும்? என் அப்பா கோயிலுக்குப் போனாலும் அம்மாவுக்கு நாலடி முன்னால்தான் நடப்பார். நகைக்கடை வாசலில் நின்ற அண்ணை, "கனடாச் சோடியோ பிள்ளை?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

மெத்ரோவில் பெரியப்பா ஆட்களோடு மோதினார். ஒருமுறை இருமுறை இல்லை, நாள் முழுவதும். முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு ராசா மாதிரி நடப்பார், பக்கத்தில் வருகிறவர்தான் விலக வேண்டும். பெரியம்மா பின்னாலேயே "பர்தோன், பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவார். பிள்ளை வண்டி தள்ளி வந்த ஒரு பெண் நின்று நிதானமாகத் திட்டினாள். அவள் சொன்னது அவர்கள் இருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

ஈபிள் கோபுரத்துக்கு எதிரே பெரியப்பா அசையாமல் நின்றார். தலையை மெல்ல மெல்ல உயர்த்தி, பிறகு அதேபோல இறக்கி, எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல அதைப் பார்த்தார். பார்த்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு இரும்புக் கோபுரத்துக்கு அழுகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

ஆற்றில் படகில் போனபோதுதான் பெரிய கூத்து. பெரியம்மா ஓயாமல், அதுவும் உரத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "இஞ்சாருங்கோ, பாலம் வருது. வலப்பக்கத் தூணுக்கு மேலை பொன் குதிரை. பறக்கிறதுக்குச் செட்டையும் இருக்கு." முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியம்மா, அவரும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறார்" என்றேன்.

"கதைக்காமல் இருந்தா எனக்கு வாய் உளையும் பிள்ளை" என்று சிரித்துவிட்டு, அடுத்த பாலத்தைச் சொல்லத் தொடங்கினார்.

பின்னேரம் வீட்டுக்குத் திரும்பலாம் என்று நினைத்தேன். ஆனால் பெரியப்பாவுக்குப் பேஸ்போல் பார்க்க வேண்டும். கனடாவுக்குப் போன புதிதில், உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், அவருக்குத் துணையாக இருந்தது தொலைக்காட்சியில் வந்த அந்த விளையாட்டுத்தானாம். பெரியம்மா வந்து சேர்ந்த பிறகு அவருக்கும் பழக்கிவிட்டார். வன்சென் காட்டுப் பக்கம் ஒரு குழு விளையாடுகிறது என்று கைபேசியில் தேடி வைத்திருந்தார். போய்ப் பார்த்தால் அரங்கமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. ஒரு புல்வெளி, ஒரு கம்பிவேலி, பார்க்க வந்த சொற்பப் பேர், உட்கார நாலைந்து மர வாங்குகள்.

வெளிச்சம் குறையக் குறையப் பெரியப்பாவின் கரைச்சல் கூடியது. ஒவ்வொரு பந்துக்கும் "என்ன நடந்தது?" என்று கேட்டார். பெரியம்மா அலுக்காமல் சொன்னார். மட்டையில் பந்து படும் சத்தம் பலமாகக் கேட்டால் பெரியப்பா எழுந்து நின்று, "அடிச்சான் பார்!" என்று கத்திக் கைதட்டுவார். ஆனால் பந்தைப் பிடித்து ஆட்டக்காரனை வெளியே அனுப்பியிருப்பார்கள். எல்லோரும் சும்மா இருக்க, இவருடைய கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்கும். என் வயதுப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். நான் வாங்கின் மறுகரைக்கு நகர்ந்து இருந்தேன்.

அப்போதுதான் ஒரு பந்து தவறி, வேலிக்கு மேலாக எங்கள் பக்கம் வந்தது. "அத்தன்சியோன்!" என்று யாரோ எச்சரித்துக் கத்தினார்கள். எல்லோரும் குனிந்தார்கள், ஓடினார்கள். பெரியப்பா மட்டும் சிரித்த முகத்தோடு வானத்தைப் பார்த்து, "எங்கை? எங்கை?" என்று கேட்டபடி நின்றார். பெரியம்மா அப்படியே அவர்மேல் பாய்ந்தார். பந்து பெரியம்மாவின் முழங்கைக்குக் கீழே பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் வாங்கோடு பின்புறம் விழுந்தார்கள். தின்பதற்கு லா சப்பலிலிருந்து கட்டிக் கொண்டுவந்த ரோல்ஸ் எல்லாம் புல்லில் உருண்டன.

விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெடியன் ஓடி வந்து தூக்கிவிட்டான். நல்லவன், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். இந்த ஐயா ஏன் விலகவில்லை என்று என்னிடம் கேட்டான். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

பெரியப்பா சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மாதான், "பராக்குப் பாத்துக்கொண்டு நிண்டவர் எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

அவர் எப்போதும் இப்படித்தான் என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

திரும்பும் மெத்ரோவில் பெரியப்பா மெல்லச் சொன்னார்: "பிள்ளைக்கு எங்களாலை வெக்கமாப் போச்சு." இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

பெரியப்பாவுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கி இருண்டு வந்ததையும், பொழுதுபட்டால் ஒன்றுமே தெரியாது என்பதையும், மிச்சமிருந்த பார்வையில் பாரிஸைப் பார்த்துவிடத்தான் அந்தப் பயணமே என்பதையும், அவர்களுடைய மகளின் கலியாணம் ஒப்பேறிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். கண்வருத்தம் பரம்பரை என்று யாராவது கதை கட்டினால் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். சொந்தத் தங்கச்சியான என் அம்மாவிடம்கூடப் பெரியம்மா மூச்சு விடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கறுத்து வீங்கிய கையைக் கண்டு பதறினார். "மெத்ரோப் படியிலை வழுக்கிப்போட்டன்" என்று பெரியம்மா கண்ணிமைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். வாங்கோடு விழுந்தது அவருக்கும் வெட்கம், அதனால்தான் மறைக்கிறார் என்று நினைத்தேன். என்னைப்போல ஒருத்தி என்று, அந்த நாளிலேயே முதல் தடவையாக, எனக்குப் பெரியம்மாவைப் பிடித்துப்போனது.