வேலைக்காரி பாகம் வேண்டாம் என்றேன்

நனைந்த குடைகளின் வாடை... எங்கள் பி.ஏ. வகுப்பை நினைத்தாலே அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. தொண்ணூறுகளின் கடைசி. கொச்சியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறி எறணாகுளம் போய்ப் படித்த காலம்.

அந்த வருடம் பாடத்தில் ஒரு பழைய ஆங்கிலக் காதல் நாடகம். நாயகனும் நாயகியும் பார்த்த இடத்திலெல்லாம் சண்டை போடுவார்கள். கடைசியில் கல்யாணம்.

டீச்சர் ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எனக்கு வேலைக்காரி. மொத்தமே இரண்டு வரி.

எழுந்து நின்றேன். நாயகி பாகம் வேண்டும் என்றேன்.

"நின்றெ மலையாளத்தில்தன்னெ தமிழ் கேக்குன்னு. பின்னெயாணோ இங்கிலீஷ்?" என்றார்.

வகுப்பே சிரித்தது. என் மலையாளத்திலேயே தமிழ் அடிக்கிறதாம்... காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

அதே மலையாளத்தில் திருப்பிக் கேட்டேன். "கதை நடக்கிறது இத்தாலியில, பேசுறது இங்கிலீஷ். அவங்க மட்டும் சொந்த பாஷையிலயா பேசுறாங்க டீச்சர்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளிக்கிழமை வாசி, பார்க்கலாம் என்றார்.

வீட்டில் அப்பாவை நாயகனாக்கினேன். கார்ப்பரேஷனில் தெருக்கூட்டும் வேலை அவருக்கு. ஆங்கிலம் தெரியாது. நான் வசனத்தைக் கொட்டி முடித்ததும் சாயாவை உறிஞ்சிக்கொண்டே குத்துமதிப்பாகப் பதில் சொல்வார்.

"போடி வாயாடி! உன்னை எவன் கட்டுவான்?"

கப்பக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "யாரைடி இந்தத் திட்டு திட்டுற?"

"அவளுக்குப் பிடிச்சவனைத்தாம்மா."

"அப்ப நல்லாத் திட்டு," என்றாள், அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் நாக்கை வளைக்கவில்லை. எனக்கு வந்தபடியே வாசித்தேன். பாதியில் மறுபடி சிரிப்பு... பயந்துபோய் நிமிர்ந்தால், சிரிப்பு என்னைப் பார்த்து அல்ல. நாயகன் பாகம் வாசித்த பிஜு என் வேகத்தில் அடுத்த வரியைத் தொலைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தான்!

டீச்சர் பாராட்டவெல்லாம் இல்லை. "அடுத்த சீனும் நீதன்னெ வாயிச்சோ," என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

அன்று சிரித்தவர்கள் முகத்துக்கு நேராகச் சிரித்தார்கள். நின்று பதில் சொல்ல முடிந்தது. இப்போது ஃபேஸ்புக் கமெண்டில் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள்... அந்த வகுப்பறையே தேவலாம் என்று தோன்றுகிறது.

இடப்பள்ளியில் ஒரு துணிக்கடையில் இப்போது நான் ஃப்ளோர் மேனேஜர். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் என மூன்று மொழியிலும் மைக்கில் அறிவிப்பது நான்தான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கித் தயங்கி, "சேச்சி, ஆ தமிழ் டோன் ஒந்நு மாற்றியால்..." என்றாள். என் அறிவிப்பில் அந்தத் தமிழ் வாடையைக் கொஞ்சம் மாற்றினால் தேவலையாம்.

சிரித்துக்கொண்டே மைக்கின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.