தன் பெயரைப் போடாத எடிட்டர்

அல்ஃபியஸ் டட்டிலை எங்கள் ஹார்லன் ஊரில் எல்லோரும் எடிட்டர் என்றே கூப்பிடுவார்கள். வாரப் பத்திரிகையில் இருந்தது அவர் பெயர். அச்சு இயந்திரம் கட்சியுடையது. அந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. எங்கள் குடும்பத்தில் கல்லூரியை மிதித்த முதல் ஆள் நான். பத்திரிகை என்றால் நினைத்ததை எழுதும் இடம் என்று நம்பித்தான் அங்கே பிழை திருத்தச் சேர்ந்தேன்.

அந்த வசந்தத்தில் ஆற்றுப் பாலம் இடிந்து, வண்டியோட்டி ஓரின் ரூப் குதிரைகளோடு மூழ்கிப்போனான். குடித்துவிட்டு ஓட்டினான் என்றது ஊர். அதை முதலில் சொன்னவர் கட்சித் தலைவர் க்ரம். போரையே பார்க்காத அவரைக் கர்னல் என்பார்கள். பாலம் கட்டியவர் அவருடைய மைத்துனர்.

ஓரினின் மனைவி கெசையா அலுவலகத்துக்கு வந்தாள்.

"அவரு சாராயத்தைத் தொட்டதே இல்லீங்க. பாலத்துக் கட்டை உளுத்திருந்ததை நீங்களே போய்ப் பாத்தீங்க. பள்ளிக்கூடத்துல என் பொண்ணைக் குடிகாரன் மகள்னு கூப்பிடுறாங்க. நாலு வரி போடுங்க எடிட்டர்."

எடிட்டர் எழுதி, அச்சுக்கு எழுத்துக் கோத்தும் வைத்தார். அதற்குள் கட்சிக் கூட்டம் அவரைச் சட்டசபைக்கு வேட்பாளராக்கிவிட்டது.

"எனக்கு வேண்டாம் கர்னல்."

"வேண்டாம்னு சொல்ல நீ யாருய்யா? ஊரே கை தூக்கியாச்சு. இனி நீ எது எழுதினாலும் ஓட்டுக்குத்தான் எழுதுறான்னு சிரிப்பாங்க. பாலத்தை விட்டுட்டு ஆகவேண்டியதைப் பாரு."

எங்கள் ஊரில் ஒவ்வொரு கட்சிக்கும் தனி வாக்குச்சீட்டு; அதையும் அந்தந்தக் கட்சிப் பத்திரிகைதான் அச்சடிக்கும். ஒவ்வொரு பதவிக்கும் கீழே கட்சிக்காரரின் பெயர் உள்ள நீளமான மஞ்சள் தாள். வாங்கி அப்படியே பெட்டியில் போட வேண்டியதுதான். அதைத் திருத்தும்போது திடுக்கிட்டேன். சட்டசபை என்ற தலைப்பின் கீழ் இடம் காலியாக இருந்தது.

"ஐயா, உங்க பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல தம்பி. நான் தோக்கணும். தோத்துட்டா வெறும் எடிட்டர். அப்ப நான் சொல்றதை நம்புவாங்க. அப்புறம் மிஷினைத் தூக்கிட்டுப் போனாலும் போகட்டும்."

தேர்தலன்று காலையில்தான் சீட்டுகளைக் கொடுத்தார். திரும்ப அச்சடிக்க நேரமில்லை. கர்னல் காலியிடத்தைப் பார்த்தார், முகம் சிவந்தது. பிறகு பீப்பாய்மேல் ஏறி நின்று சிரித்தார்.

"பாத்தீங்களாய்யா நம்ம எடிட்டரோட அடக்கத்தை! தன் பேரைத் தானே போட்டுக்க வெக்கப்படுறாரு. பென்சிலை எடுங்க!"

கூட்டம் கைதட்டியது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்களுக்குக் கர்னலே எழுதினார். எதிர்க்கட்சிக்காரன் ஒருவன்கூட, "அரசியல்ல இப்படி ஒரு மனுஷனா!" என்று பென்சில் கேட்டான். "வேண்டாம், எழுதாதீங்க" என்று எடிட்டர் கத்தக் கத்த, கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. அங்கிருந்து கத்தியதையும் அடக்கம் என்றார்கள்.

அவர் தலைநகருக்குப் போனதும் அவருடைய நாற்காலியில் கர்னலின் மருமகன் உட்கார்ந்தான். கோத்து வைத்த கட்டுரையை அன்றே பிரித்துப் போட்டார்கள். எடிட்டர் சும்மா இருக்கவில்லை. சட்டசபையில் எழுந்து உளுத்த கட்டையைப் பற்றியும் ஓரின் ரூப்பைப் பற்றியும் பேசினார் என்று அங்கிருந்து வந்த ஒரு வியாபாரி சொன்னார். எங்கள் பத்திரிகையில் வந்தது இதுதான்: 'நமது உறுப்பினர் பாலங்களின் அவசியம் குறித்துச் சிறப்பாக உரையாற்றினார்.'

கெசையா அந்த இதழோடு என்னிடம் வந்தாள்.

"எனக்கு வேகமா படிக்க வராது. இதுல எங்க வீட்டுக்காரர் பேரு எங்க இருக்கு?"

இல்லை என்றேன்.

"அவரு பேசலையா?"

"பேசினாரும்மா."

தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறுவாரத்திலிருந்து மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.