அப்பிள் மரத்தை வெட்டாத மாசி

சுவிஸில், வின்டர்தூர் நகரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், எங்களுக்கு ஒரு வாடகைத் தோட்டம் இருக்கிறது. மாசி மாதத்தில் அங்கே வளர்வது பாசி மட்டுந்தான். ஆனாலும் வேலைக்குக் குறைவில்லை. உக்கிய பசளையைப் பாத்திகளில் பரப்ப வேண்டும், சாடிகளைக் கழுவ வேண்டும், குளிரில் வெடித்த தண்ணீர்ப் பீப்பாவை மாற்ற வேண்டும். மொட்டு விரிய முன்னர் அப்பிள் மரத்தின் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும்.

இந்த வருடம் கடைசி வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து முடித்தேன். பிறகு, கழுவிய சாடிகளைத் திரும்பவும் கழுவினேன்.

என் மனைவி பிள்ளைத்தாச்சி. மனைவி அப்படி இருக்கும்போது புருஷன் பச்சை மரத்தை வெட்டக்கூடாது, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. போன வருடமும் இருக்கவில்லை. போன மாசியிலும் அவள் பிள்ளைத்தாச்சிதான். நான் இதே மரத்தின் கிளைகளை வெட்டினேன். நன்றாக வெட்டியிருக்கிறாய் என்று தோட்டச் சங்கத் தலைவரே வந்து பாராட்டினார். பங்குனியில் பிள்ளை கலைந்தது. இது பலருக்கும் நடக்கிறது, யாருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டேன். கிளை அரியும் வாளை மட்டும் கொட்டிலுக்குள் பசளை மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.

மனைவிக்கு இந்த வழக்கம் தெரியாது என்பது என் எண்ணம். அவள் இங்கே பிறந்தவள், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், ராகுகாலத்தை யாராவது ஆராய்ந்து பார்த்தார்களா என்று கேட்கிறவள். ஆகவே அவளிடம் வாள் மொட்டை என்றேன். அடுத்த கிழமை ஏணி சரியில்லை என்றேன். அதற்கடுத்த கிழமை மழை என்றேன், அது உண்மை.

கடைசியில் சங்கத் தலைவர் வேலியோரம் வந்து நின்றார். இந்த மாதத்துக்குள் மரத்தின் கிளைகளை வெட்டாவிட்டால் தோட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டி வரும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஓய்வுபெற்ற சுவிஸ் தபால்காரர். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பிள்ளை எப்போது பிறக்கும்?"

"ஓகஸ்ட்டில்."

"அது பிந்திவிடும். நானே வெட்டுகிறேன். நீ ஏணி பிடிக்கலாமா, அதுவும் கூடாதா?"

யோசித்துப் பார்த்தேன். ஏணி பிடிப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை.

சனிக்கிழமை அவர் மேலே ஏறி அரியத் தொடங்கினார். நான் சேற்றில் நின்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தேன். வீட்டில் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்த மனைவி தேத்தண்ணிப் போத்தலோடு வந்தாள். மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாள் மொட்டை எண்டீங்கள்."

"இது அவரின்ரை வாள்."

"பிள்ளைத்தாச்சியின்ரை புருசன் மரம் வெட்டக்கூடாது. அதுக்குத்தானே?"

"உமக்கு ஆர் சொன்னது?"

"அம்மா. போன வருசம், ஆசுப்பத்திரியிலை வைச்சு."

"நீர் அதை நம்புறீரோ?"

"இல்லை." போத்தல் மூடியைத் திறந்து திரும்பவும் மூடினாள். "நம்பேல்லை. ஆனா ஒரு வருசமா உங்களிலை கோவமா இருந்தனான்."

அந்த ஒரு வருடத்தில் நாங்கள் சேர்ந்து தக்காளி நட்டோம், கத்தரிக்காய் பறித்தோம், யார் அதிகம் சுமப்பது என்று சண்டை பிடித்தோம். ஒருநாளும் இதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. மேலே ஒரு மனிதர் நின்றார்.

"நானுந்தான்," என்றேன்.

"நீங்களோ? ஆரிலை?"

"என்னிலை."

அவள் போத்தலை நிலத்தில் வைத்தாள். வந்து ஏணியின் மற்றக் காலைப் பிடித்தாள். ஓராள் பிடித்தால் போதும் என்று தபால்காரர் மேலிருந்து சொன்னார். அவள் விடவில்லை.