ஒல்லிச் சக்கரமும் ஓரக் கல்லும்

சென்ற ஆண்டு தை மாதக் கடைசி. தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றை ஒட்டிப் போகும் ஒரு கிராமத்துச் சாலை. காலை ஒன்பது மணி இருக்கும். நான் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தச் சைக்கிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

என் தம்பி சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை பார்க்கிறான். அங்கே குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது தன்னுடைய இரண்டு சைக்கிள்களையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி அவற்றைச் சரக்குக் கப்பலில் போட்டு எனக்கு அனுப்பினான். ஒன்று எனக்கு. இன்னொன்று பேராவூரணியில் இருக்கும் அவன் மச்சானுக்கு. எது யாருக்கு என்று நானே முடிவு செய்யலாம் என்றான்.

எனக்குச் சைக்கிள் தேவைதான். டவுனில் ஒரு மாணவர் விடுதிச் சமையல்கட்டில் காய் நறுக்குகிறேன். எங்கள் ஊருக்கு வந்த காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் சைக்கிள் நன்றாக ஓட்டுவேன்.

இரண்டிலும் ஹேண்டில்பார் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே வளைந்திருந்தது. ஒன்றுக்கு டயர் விரல் கனம். அதை ரோட் பைக் என்றான் தம்பி. மற்றதற்குக் கொஞ்சம் அகலமான டயர். பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாக இருக்கும். அதன் பெயர் சைக்ளோகிராஸ். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. ஒல்லி, பலா என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மணி இல்ல. ஒன் தம்பி மிச்சத்தை அடுத்த கப்பல்ல அனுப்புறானா?"

எதை வைத்துக்கொள்வது என்று பார்த்தவுடன் தெரியவில்லை. ஒரு வருஷம் இரண்டையும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். மச்சான் சிரிக்கவில்லை.

வந்து இறங்கியது சித்திரையில். அப்போது ஒல்லிதான் ராஜா. காய்ந்த தார்ச்சாலையில் ஒரு மிதி மிதித்தால் அது பாட்டுக்குப் போகும். முதல் நாள் காற்றடிக்கத்தான் முடியவில்லை. டியூபின் மூக்கு ஒல்லியாக இருந்தது. சைக்கிள் கடைக்காரர் பம்பை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஊசிதாம்மா போடணும்" என்றார். அதற்குப் பம்பு பொருந்துகிற மாதிரி தம்பி ஒரு சின்னப் பித்தளை மூடி அனுப்பிய பிறகு சரியாயிற்று.

ஆடி வந்தது. டவுன் எங்களுக்கு மேற்கே. மேல்காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். மற்ற சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளியிருப்பேன். ஒரு நாள் சும்மா, அந்தக் கொம்பின் அடி வளைவைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். காற்று முதுகுக்கு மேலே போய்விட்டது. அதற்குத்தான் வளைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லாமல் தெரிந்துகொண்டதில் அன்று முழுக்க ஒரு சந்தோஷம். வெங்காயம் நறுக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் கதை மாறியது. சாலையில் தண்ணீர் நின்றதால் ஆற்றங்கரை மேல்தான் போகவேண்டும். கரை களிமண். ஒல்லியில் டயருக்கும் பிரேக்குக்கும் இடைவெளியே இல்லை. மண் புகுந்து சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. பலாவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. மண் ஒட்டினாலும் சுற்றும். அதுவும் சுற்றாத இடம் ஒன்று உண்டு. ஒரு வாய்க்கால் கரையை அறுத்துக்கொண்டு ஓடியது. சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். அப்போதுதான் கவனித்தேன். பலாவின் மேல் குழாய் அடிப்பக்கம் தட்டையாக இருந்தது. தோளை அறுக்கவில்லை. உட்கார்ந்துகொண்டது.

அன்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, அந்தக் குழாய் ஏன் தட்டையா இருக்கு?"

"தூக்கிட்டு ஓடறதுக்குக்கா. குளிர் நாட்டுல மழைக்காலத்துல சேத்துல பந்தயம் விடுவாங்களாம். ஓட்ட முடியாத எடத்துல தூக்கிட்டு ஓடணும்."

"இதுக்குப் பந்தயமா? இங்க தெனம் நடக்குது, ஒருத்தரும் கை தட்டலயே."

மார்கழியில் கரை காய்ந்தது. தை பிறந்ததும் மறுபடி ஒல்லி. மச்சான் போன் செய்தார். "மாசி பொறந்ததும் வந்து எடுத்துக்கறேன். முடிவு சொல்லுங்க." மழை வருஷத்தில் கொஞ்ச நாள்தான், மீதி நாளெல்லாம் ஒல்லியே போதும் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

அறுவடை நாளில் எங்கள் பக்கம் தார்ச்சாலைதான் களம். பாதிச் சாலையில் நெல் காயும். மறு பாதியில் வண்டி போகும். நெல்லில் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்துவிடுவார்கள். கல்லைக் கண்டால் விலகிப் போகவேண்டும். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். சின்னப் பிள்ளையில் நெல் மேல் செருப்புக் காலை வைத்து அடி வாங்கியிருக்கிறேன்.

அன்று வானம் மூட்டமாக இருந்தது. வாடைக்காற்று. வழக்கமாகத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். குளிருக்காக அன்று கழுத்தில் சுற்றியிருந்தேன்.

என் இடப்பக்கம் நீளத்துக்கு நெல். வலப்பக்கம் சாலைச் சரிவு, அதன் கீழே வாய்க்கால். நெல்லைச் சுற்றிக்கொண்டு வலது பாதியில் வேகமாகப் போனேன். வளைவில் ஒரு லாரி திரும்பியது. அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெறும் சாக்கு ஏற்றிப் போகும் லாரி. அது வந்தது அதன் பாதியில். தப்பான பாதியில் இருந்தது நான்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. நான் அதைப் பார்த்தேன். இடது பக்கம் ஒடித்திருந்தால் நெல்லில் போய் விழுந்திருப்பேன். மெத்தை மாதிரி. ஆனால் கை அதற்கு முன்பே வலப்பக்கம் ஒடித்துவிட்டது. லாரியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, சரிவில் இறங்கி, சைக்கிளோடு வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தேன்.

தண்ணீர் முழங்கால் அளவுதான். எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். எழ முடியவில்லை. துப்பட்டாவின் ஒரு முனை பின் சக்கரத்துப் பற்களில் சுற்றிக்கொண்டு கழுத்தைக் கீழே இழுத்தது. தலையைத் தூக்கத் தூக்க இறுகியது. ஒரு மூச்சு கிடைத்தது. அடுத்த மூச்சில் சேறுதான் வந்தது.

யாரோ தண்ணீரில் குதித்த சத்தம் கேட்டது. ஒரு கை என் முடியைப் பிடித்து முகத்தை மேலே தூக்கியது. இன்னொரு கையில் இருந்த அரிவாள் துப்பட்டாவை அறுத்தது.

என் வயதுப் பெண். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. கரையில் என்னை உட்காரவைத்து முதுகில் ஓங்கித் தட்டினார். நான் இருமி முடித்ததும் திட்ட ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லயா? இந்தப் பக்கம் இம்மாம் நெல்லு கெடக்குது, லாரிக்கு முன்னாடியா போய் விழுவே? நெல்லுல ஏற வேண்டியதுதானே!"

"உங்க நெல்லாச்சே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"ஆமா, என் நெல்லுதான். செதறுனா கூட்டி வாரிக்குவேன். ஒன்ன எதால வார்றது?"

லாரி சற்றுத் தள்ளி நின்றதாம். டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினாராம். நான் அசைவதைக் கண்டதும் போய்விட்டாராம். பிறகு அந்தப் பெண்தான் சொன்னார்.

அப்போது கையில் ஒரு தூறல் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தோம்.

கொள்முதல் நிலையத்தில் ஈரம் அளந்து, இன்னும் காயவேண்டும் என்று முந்தின நாள் சொல்லியிருக்கிறார்கள். இன்று இவர்கள் முறை. வீட்டுக்காரர் அங்கே இடம் பிடித்து நிற்கிறார். மூட்டத்தைப் பார்த்து இவர் ஒற்றை ஆளாக நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார். சாக்குக் கட்டின் கயிற்றை அறுக்க வைத்திருந்த அரிவாளோடுதான் என்னிடம் ஓடி வந்திருக்கிறார். அந்த வருஷத்துச் சம்பா மொத்தமும் சாலையில் திறந்து கிடந்தது.

"போங்க, நெல்லைப் பாருங்க" என்றேன்.

"அது கெடக்குது. காலை அசைங்க பாப்போம். ஒடிஞ்சிருக்கா?"

ஒடியவில்லை. எழுந்தேன்.

நெல் வாரும் நீளப் பலகை அங்கே கிடந்தது. ஒருவர் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுக்கவேண்டும். ஒருவர் பின்னால் அழுத்திக்கொண்டு வரவேண்டும். ஒற்றை ஆளால் சீக்கிரம் ஆகிற வேலை இல்லை. நான் செருப்பைத் தேடினேன். அது வாய்க்காலோடு போயிருந்தது. நல்லதாயிற்று. கயிற்றைப் பிடித்தேன்.

எத்தனை நடை இழுத்தோம் என்று தெரியாது. முட்டியில் இரத்தம் வந்தது, பிறகு காய்ந்தது. தூறல் வலுக்குமுன் பெரும்பகுதி குவிந்துவிட்டது. தார்ப்பாயைப் போட்டு மூடினோம். ஓரக் கல்லையெல்லாம் எடுத்துத் தார்ப்பாய் மேல் வைத்தோம். கடைசி ஓரத்து நெல் நனைந்துபோனது. நான் விழாமல் இருந்திருந்தால் அதுவும் நனைந்திருக்காது. சொன்னேன்.

"நீங்க விழாம இருந்தா நான் ஒத்தையாதான் இழுத்திருப்பேன். பாதி நனைஞ்சிருக்கும்" என்றார். எது சரி என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மழை சட்டென்று விட்டது. அவர் வாய்க்காலில் இறங்கி ஒல்லியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்தார். ரிம் வளைந்திருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கோழி கனம் கூட இல்லயே. மணி இல்ல, மட்கார்டு இல்ல. என்னதாங்க்கா இருக்கு இதுல?"

"வேகம் இருக்கு."

"அதான் பாத்தேனே."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தபோதுதான் விலா வலித்தது. திட்டும்போது நீ என்றவர், பலகை இழுத்த பிறகு அக்கா ஆக்கிவிட்டார். வேலைக்கு அன்று போகவில்லை. போன் செய்து சொன்னேன். விடுதியிலும் திட்டுதான்.

மறுநாள் பலாவை எடுத்தேன். அந்த நெல் என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. நல்ல வெயில். அதே இடத்தில் நெல் பரந்து கிடந்தது. முந்தின நாள் முறை தப்பிப்போய், இன்றுதான் மறுபடி முறை. வீட்டுக்காரரும் இருந்தார்.

"லாரிய மறிச்சவங்க இவங்கதானா?" என்று மனைவியிடம் கேட்டார்.

மனைவி என் சைக்கிளைப் பார்த்தார். "இன்னைக்கு வேற வண்டியா? இதுவும் வாய்க்காலுக்குள்ள போவுமா?"

"போகும். திரும்பியும் வரும்."

"நனைஞ்சதைத் தனியாப் போட்டிருக்கோம். காஞ்சிடும். சாயங்காலம் கொள்முதல்ல எடுத்தாதான் நிச்சயம்."

அன்று காய் நறுக்கும்போது கவனம் இல்லை. நிமிர்ந்து நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். வெயில் இருந்தது.

மாலையில் திரும்பும்போது அந்த வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். சாலை காலியாக இருந்தது. கூட்டிப் பெருக்கிய தார். ஒரு நெல்மணி கிடையாது. கற்களை மட்டும் ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். கொள்முதலில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒல்லியின் ரிம்மை நிமிர்த்தி மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஏக சந்தோஷம். பலாவுக்கு வெயில் காலத்தில் வழவழப்பான டயர் போட்டுக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னான். ஒல்லிக்கு முள்ளு டயர் போட முடியாதாம், இடம் பற்றாது. ஆக எல்லாப் பருவத்துக்கும் ஒரே சைக்கிள் ஆகிவிட்டது. நான் வைத்துக்கொண்டது அதற்காக மட்டும் இல்லை. அதில் சாலையை விட்டு எந்தப் பக்கமும் இறங்கலாம்.

இப்போது தையில் சாலையோரம் ஒற்றை ஆளாக யாராவது பலகையோடு நின்றால் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கயிற்றைப் பிடிக்கிறேன். அன்று என் கை அடுத்தவர் நெல்லைக் காப்பாற்ற என்னை லாரிக்கு முன்னால் விட்டது. அந்த நெல்லுக்குச் சொந்தக்காரி மழை மூட்டத்தில் அதை அப்படியே போட்டுவிட்டு, யாரென்றே தெரியாத எனக்காகத் தண்ணீரில் குதித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.