கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

அவர் கணக்கை நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். என் காது போன கதையை யாரிடம் சொன்னாலும் அந்தக் காலத்து ஆட்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், சரி. அதற்காக ஒரு காதைப் பிய்த்துக் குருதட்சிணையாகக் கொடுக்க வேண்டுமா?

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ராஜபாளையத்தில் நான் நாலாம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பஞ்சு மில்லில் ஃபிட்டர். மில் இரைச்சலில் வேலை பார்த்துப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அம்மாவிடம் உப்புக் கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கும். எங்கள் குடும்பத்தில் ஹைஸ்கூல் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சேர்க்கப் போன அன்று வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக் கணக்கு வாத்தியாரிடம் நீட்டி, எல்லா அப்பாக்களும் சொல்வதை என் அப்பாவும் சொன்னார்.

"கண்ணு ரெண்டையும் மட்டும் விட்டுருங்கய்யா. மிச்சத்தைத் தோலை உரிச்சுத் தொங்கவிட்டாலும் ஏன்னு கேக்க மாட்டேன்."

இது எங்கள் பக்கத்து மரியாதை. பையனை நம்பி ஒப்படைக்கிறேன் என்று அர்த்தம். இதைச் சொல்லாத தகப்பனைப் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறவன் என்பார்கள். பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் அன்று பக்கத்தில்தான் நின்றார். மில்லிலும் அவர் ஒரு பங்குதாரர். "அப்படிச் சொல்லும்!" என்று சிரித்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடி விழுந்த நாளில் என் குற்றம் இதுதான்: காம்பஸ் கொண்டுவராமல், காலணாக் காசைச் சுற்றிப் பென்சிலை ஓட்டி வட்டம் போட்டிருந்தேன். வாத்தியார் நோட்டைத் தூக்கிப் பார்த்து, "மையம் எங்கலே?" என்றார். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது தொடையில். அப்புறம் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. பிரம்பு நுனியிலிருந்து பிளந்து நாராகத் தொங்கியது. அதை எறிந்துவிட்டு என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக் கரும்பலகையில் மோதினார். விழுந்தேன். காலால் புரட்டினார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது உள்ளங்கையை அகல விரித்து இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தார்.

உள்ளே ஏதோ கிழிந்தது. அதன் பிறகு வகுப்பில் சத்தமே இல்லை. வாத்தியாரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கழுத்தில் சூடாக வழிந்ததைத் தொட்டுப் பார்த்தால் ரத்தம். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாக்பீஸை எடுத்து, பலகையில் ஒரு வட்டம் போட ஆரம்பித்தார். அடித்ததைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேன். அந்த வட்டத்தை மன்னிக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, சவ்வு போய்விட்டது, இந்தக் காது இனிக் கேட்காது என்றார். அப்பாவுக்கு மில்லில் தகவல் கிடைத்தது. எண்ணெய்க் கையோடு, முழ நீள ஸ்பேனரோடு நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனார். இரண்டே அடியில் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. வாத்தியார் பின்வாசல் வழியாக ஓடினார். அப்பா துரத்திக்கொண்டு தெருவுக்கு வந்தபோது கமிட்டித் தலைவர் எதிரே வந்து மறித்துவிட்டார்.

"ஏம்ப்பா, கொலைகாரனாவா போகப்போறே? கமிட்டின்னு நாங்க எதுக்கு இருக்கோம்? ஞாயித்துக்கிழமை கூடுதோம். நியாயம் கெடைக்கும், நான் சொல்லுதேன்."

அப்பா அந்த இடத்திலேயே ஸ்பேனரைக் கீழே போட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "அவியளே வாக்குக் குடுத்துட்டாக. இனி அந்த ஆளு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைகளைத் தொட முடியாது, பாரு." அப்பா கேட்டது அது ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. பெரியவர்கள் என் இடது பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சரியாகக் கேட்பதற்காக நான் கழுத்தைத் திருப்பினேன். "நேரா நில்லுலே" என்று ஒருவர் அதட்டினார். காதில் பஞ்சோடு நின்றவனிடம் அவர்கள் பேசிய ஒரே பேச்சு அதுதான். என்ன நடந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை. தலைவர் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"பையனைச் சேர்க்கும்போது வாத்தியார்கிட்ட என்ன சொன்னீரு?"

அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். "காதைச் சொல்ல மறந்துட்டேன்யா" என்றார் அப்பா.

வாத்தியார் கையால்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாஸ் கூடுகிறது, அவர் பேரைக் கெடுக்க வேண்டாம் என்று முடிவானது. அவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே கமிட்டி நடத்திய இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். ஏன் மாற்றுகிறோம் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. ரோஜா மாலை போட்டு வழியனுப்பினார்கள். என் வகுப்புப் பையன்கள் கைதட்டினார்கள்; தட்டச் சொன்னார்கள், தட்டினார்கள்.

அன்று வீடு திரும்பிய அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வருவார் என்று பார்த்தால், அதில் ஒன்றை எடுத்து, "இந்த வாய்தான, இந்த வாய்தான" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். உதடு கிழிந்து பல்லெல்லாம் சிவப்பாகிவிட்டது. அம்மா கையைப் பிடித்துத் தொங்கினாள். நிறுத்த முடியவில்லை.

பிற்பாடு மதுரையில் கல்லூரியில் படித்தபோதும், வயது முதிர்ந்து நானே ஒரு பள்ளிக்கூடக் கமிட்டியில் உட்கார்ந்தபோதும் இதையே பார்த்தேன். மேலே இருக்கிறவர்களுக்கு முதல் கவலை கட்டிடத்தின் பேர். அடிபட்டவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னப்பா நடந்தது என்று கேட்க எவனுக்கும் நாக்கு எழாது. அடித்தவர் அடுத்த மணிக்கே வகுப்புக்குப் போவார். ரொம்ப முற்றினால் ஊர் மாற்றுவார்கள். பாம்பைப் பிடித்து அடுத்த வீட்டு ஓட்டுக்குள் விட்டுவிட்டு வந்து கைகழுவுவதற்கு நிர்வாகம் என்று பேர். எங்கள் கமிட்டியில் இதைச் சொல்லி நான் மேஜையைத் தட்டியதில் ஒருமுறை மைக்கூடு கவிழ்ந்தது. கவிழட்டும்.

மறு வருஷம் ஆடித் தேர் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், அந்த வாத்தியார் ஒரு பையன் முகத்தில் மர டஸ்டரை வீசினார். வலது கண் போயிற்று. கண் என்றதும் கமிட்டி பதறிப்போய் அன்றே ராஜினாமா வாங்கிக்கொண்டது. அவர் ராவோடு ராவாக ஊரை விட்டுப் போய்விட்டார்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் அந்தப் பையன் முகம் முழுக்கக் கட்டோடு கிடந்தான். கட்டுக்கு வெளியே தெரிந்த கன்னம் கறுத்து வீங்கியிருந்தது. பக்கத்தில் அவன் அப்பா நின்றார், ஒரு தையற்காரர். என் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன வருசம் எம் மவன் காதை அடிச்சதும் அதே ஆளுதான்யா. நான் அன்னைக்கே அவனை முடிச்சிருந்தா ஒங்க பிள்ளை கண்ணு தப்பிச்சிருக்கும். என் வாயாலதான் எல்லாம் கெட்டுச்சு. சேர்க்கும்போது கண்ணை மட்டும் விட்டுருங்கன்னு சொன்னேன். நீங்களும் அப்படித்தான சொல்லியிருப்பீக?"

தையற்காரர் தலையாட்டி மறுத்தார்.

"நான் அதைச் சொல்லலைங்க. தாயில்லாப் பிள்ளை, கை வைக்காதீக, தப்புப் பண்ணினா எனக்குச் சொல்லிவிடுங்கன்னுதான் சொன்னேன். இப்ப ஒங்க ஊருத் தலைவர் என்ன சொல்லுதாரு தெரியுமா? நான் செல்லம் குடுத்ததுலதான் பையன் அடங்காமப் போயி, வாத்தியாருக்குக் கோவத்தை உண்டாக்கிட்டானாம்."

"அப்போ சொன்னாலும் நம்ம குத்தம், சொல்லாட்டியும் நம்ம குத்தமா?" என்றார் அப்பா.

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, அந்தத் தேக்குக் கதவில் மாறி மாறி அறைந்தார். "இதால என் வாயில அடிச்சுக்கிட்டேன்! ஆள் மாத்தி அடிச்சுட்டேன்! வெளிய வாரும்யா!" தலைவர் வரவில்லை. வேலையாட்கள்தான் வந்தார்கள். படியில் தள்ளி, நாலு பேர் சேர்ந்து மிதித்தார்கள். நான் ஒருவன் காலைக் கடித்தேன். என்னையும் தூக்கி எறிந்தான். அப்பாவின் கை மணிக்கட்டில் ஒடிந்து தொங்கியது. செருப்பு இரண்டும் அந்தப் படியிலேயே கிடந்தன.

மறுநாள் காலையில் மில்லிலிருந்து ஆள் வந்து, வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். என் காதுக்காவது ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து கூடினார்கள். அந்தக் கதவுக்காக எந்தக் கமிட்டியும் கூட வேண்டியிருக்கவில்லை.

கைக்குக் கட்டுப் போட்டு அப்பா பாயில் கிடந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து, ஒற்றைக் கையை ஊன்றி நகர்ந்து, என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். கத்தியே பேசிப் பழகிய மனிதர் அன்று என் காதருகே குனிந்து, அம்மாவுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"நான் சொன்னதால இல்லலே."

"ஆமாப்பா" என்றேன்.