ஆர்கனுக்குப் பின்னால் பாடியவள்

கடவுளைப் பாட ஆண் குரல்தான் வேண்டுமா? ஆம் என்றார் ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள எங்கள் சிற்றூரின் புதிய பங்குத்தந்தை. பாடகர் குழுவிலிருந்து பெண்களை விலக்கினார். அவர்களில் ஒருத்தியான நெசவுக்காரி வால்புர்கா, ஆர்கன் என்ற பெரிய குழலிசைக் கருவிக்குக் காற்றூட்டும் துருத்தியை மிதிக்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள். மறைவில் மிதித்துக்கொண்டே பாடினாள்.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை, "பசங்க பிரமாதமா பாடினாங்க" என்றார்.

ஆர்கன் வாசித்த செவரின் சிரித்தார். "அதுல ஒரு பையன் பாவாடை கட்டியிருக்கான், சாமி."

பங்குத்தந்தை வால்புர்காவிடம் சீறினார். "வாயை மூடிட்டு மிதி!"

"வாயை மூடினா காலும் நின்னுடும், சாமி."

அவள் போய்விட்டாள். மிதிக்க வேறு யாரும் முன்வரவில்லை, ஆர்கன் ஊமையானது. பெந்தெகொஸ்தே திருவிழா நெருங்கியதும் பங்குத்தந்தையே அவளைப் பாட அழைத்தார்.

உங்கள் கோவிலிலும் இப்படியொரு விதி இருந்தால், எழுந்து நின்று காரணம் கேளுங்கள்.